சேர்மனின் வலது கால் ஷூ

தோக்கோ சியோக் எனக்கு நான்கு வருடம் சீனியர். பிடிவாதத்தில் நாற்பது வருடம். பொருட்களை வரிசையாக அடுக்கி நம்பர் போட்டால் போதும், உலகம் உருப்பட்டுவிடும் என்பது அவர் வேதம். எங்கள் கம்ப்யூட்டர் தொழிலில் அதற்கு அர்ரே என்று பெயர். பள்ளிக்கூட லாக்கர் மாதிரிதான். நம்பர் தெரிந்தால் நேரே போய்த் திறக்கலாம். தெரியாவிட்டால் முதல் கதவிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். நான் ஹேஷ் டேபிள் கட்சி. பொருளிடமே ஓர் அடையாளத்தைப் பிடித்து, அதை வைத்து அது எந்தப் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், தேடுகிற வேலையே கிடையாது. கை நேராக அந்தப் பெட்டிக்குப் போகும். தோக்கோ இதை "சோம்பேறிங்க மந்திரம்" என்பார். அவருடையதை நான் என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இது வெறும் வாய்ச்சண்டையாக இருந்திருந்தால் நான் எப்போதோ விட்டுக்கொடுத்திருப்பேன். தாக் சேர்மனுக்கு யோஜு என்ற ஊரில் ஒரு பெரிய கிம்ச்சி ஊறுகாய்க் கிடங்கு இருக்கிறது. அதற்கு மென்பொருள் எழுதும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்திருந்தது. எங்கள் இருவரில் யார் திட்டத்தைச் சேர்மன் எடுக்கிறாரோ அவர்தான் தலைமை. நிரந்தர ஊழியர்தான் தலைமை வகிக்கலாம் என்பது கம்பெனி விதி. தோக்கோ நிரந்தரம். நான் ஒப்பந்தக்காரி, மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. சேர்மன் என்னைத் தேர்ந்தெடுத்தால் கம்பெனி என்னை நிரந்தரமாக்கித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த பாங்யோவில் வேறொரு கண்ணாடிக் கட்டடத்தில், வேறொரு பொடியன் முன்னால் உட்கார்ந்து, "உங்களுடைய பலவீனம் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முப்பத்து மூன்று வயதில் எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

முடிவு தெரிய வேண்டிய வாரத்தில் எங்கள் மேனேஜர் சோமுனின் அப்பா இறந்துபோனார். தொண்ணூற்று மூன்று வயது. மதியம் நூடுல்ஸ் சாப்பிட்டார், படுத்தார், எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த மாதிரிச் சாவில் யாரும் யாரையும் அழச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. வந்தவர்கள் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, காரமான மாட்டிறைச்சி சூப்பைக் குடித்து, சோஜு சாராயம் ஊற்றிக்கொண்டு பழைய கதை பேசுவார்கள்.

மேலதிகாரி வீட்டில் சாவு என்றால் கீழே இருப்பவர்கள் ஒத்தாசைக்குப் போயாக வேண்டும். சனிக்கிழமை மதியமே ஆஸ்பத்திரி அடித்தளத்தில் இருந்த துக்க மண்டபத்துக்குப் போய்விட்டோம். நிர்வாகப் பிரிவு சூப் பரிமாறியது. விற்பனைப் பிரிவு, குடிக்கிறவர்களுக்குத் துணையாகக் குடித்தது. கம்ப்யூட்டர்காரர்களுக்கு மனிதர்களோடு பேசத் தெரியாது என்று ஒரு எண்ணம் இருப்பதால், எனக்கும் தோக்கோவுக்கும் ஷூ.

சாவுக்கு வருபவர்கள் எல்லோரும் கறுப்பு ஷூதான் போட்டுக்கொண்டு வருவார்கள். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே வடிவம், ஒரே வாசனை. "காலணிகள் காணாமல் போனால் மண்டபம் பொறுப்பல்ல" என்று சுவரில் எழுதி ஒட்டி, மண்டபம் கையைக் கழுவிக்கொண்டிருந்தது. நாங்கள் போவதற்கு முன் விற்பனைப் பிரிவு ஆட்கள் வந்த ஷூக்களையெல்லாம் அட்டைப்பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்திருந்தார்கள். கடைசியாக வந்தவருடையது மேலே. காலையில் முதல் ஆளாக வந்த ஒரு அத்தை, தன் ஷூ அடியில் மாட்டிக்கொண்டதால், மற்றவர்கள் கிளம்பட்டும் என்று மூன்றாவது கிண்ணம் சூப்பில் இருந்தார்.

"இதுக்குப் பேரு ஸ்டாக்" என்றார் தோக்கோ. "தட்டு அடுக்கத்தான் லாயக்கு. நகரு ப்யோ, நான் அலமாரி கொண்டாரேன்."

"அலமாரி வர்றதுக்குள்ள நான் முடிச்சிருவேன், சீனியர்."

குடும்பப் பெயரின்படி பெட்டி பெட்டியாகப் பிரித்தேன். ஒரு குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி. அழகான யோசனை. அரைமணி நேரத்தில் கிம் பெட்டி வழிந்தது. லீ பெட்டி கிழிந்தது. பார்க் பெட்டியின் மேல் ஒரு கிழவர் தடுக்கி விழப் பார்த்தார். மற்ற பெட்டிகள் காலியாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

நான்கு தட்டு அலமாரியை இழுத்துக்கொண்டு வந்த தோக்கோ அதைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார். "கொரியால பொறந்து வளர்ந்தவ பண்ற வேலையா இது? ஊர்ல பாதி கிம்மு."

"என் கிளாஸ்ல நான் ஒருத்திதான் ப்யோ. உங்க கிளாஸ்ல நீங்க ஒருத்தர்தான் தோக்கோ. நமக்கு எப்படித் தெரியும் இந்தக் கூட்டத்தோட கஷ்டம்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. வாசலின் இடது பக்கத்தைத் தன் அலமாரிக்கு எடுத்துக்கொண்டு, அறுபது அறைகளுக்கும் நம்பர் ஒட்டி, வந்தவர்கள் கையில் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். வலது பக்கம் எனக்கு. நான் சைஸ்படி மாற்றி அடுக்கினேன். தோக்கோவின் சொந்த ஷூ என் பக்கம்தான் இருந்தது. அறுபதில் ஒன்றைத் தன் காலுக்கு வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் தாக் சேர்மன் வந்தார். எழுபத்தெட்டு வயது, குட்டையான மனிதர், பின்னால் நெட்டையாக இரண்டு அதிகாரிகள். அப்போது நாங்கள் இருவரும் ஒரு குதிகால் உயர்ந்த ஷூ யார் பக்கம் என்று அடித்துக்கொண்டிருந்தோம்.

"சோமுன் சொன்ன ரெண்டு பேரு நீங்கதானா?" என்றார் சேர்மன். "காகிதத்துல நீங்க எழுதிக் குடுத்தது ரெண்டும் எனக்குப் புரியல. இதைப் பார்த்தா புரியும் போல இருக்கே."

ஷூவைக் கழற்றினார். இடது கால் ஷூவைத் தோக்கோவிடம் கொடுத்தார். வலது கால் ஷூவை என்னிடம் கொடுத்தார்.

"கும்பிட்டுட்டு ஒரு கிண்ணம் சூப் குடிச்சிட்டு வரேன். யாருது முதல்ல வருதோ அவங்களுக்கு வேலை."

பின்னால் நின்ற அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் ஆளுக்கு இடது ஷூவைத் தோக்கோவிடமும் வலது ஷூவை என்னிடமும் கொடுத்துவிட்டு, வெறும் காலுறையோடு சேர்மன் பின்னால் போனார்கள்.

ஷூவின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மனுக்கு இருநூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர். ஆண்களில் பாதிப் பேர் அந்த சைஸ், இல்லையென்றால் அதற்கு அடுத்தது. என் இருநூற்று அறுபத்தைந்து பெட்டியில் ஏற்கெனவே ஒரு ஊரே கிடந்தது. அதில் இதையும் போட்டால், சேர்மன் திரும்பி வரும்போது நான் முழங்கையளவு ஷூவுக்குள் நீந்திக்கொண்டிருப்பேன். எங்கள் தொழிலில் இதற்கும் ஒரு வழி உண்டு: சீக்கிரம் தேவைப்படும் என்று தெரிந்ததை மற்றவற்றோடு போடாமல் கைக்கு எட்டும் இடத்தில் தனியாக வைத்துக்கொள்வது. ஏமாற்று வேலை இல்லை, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

வாசலை ஒட்டி ஒரு சின்ன மேசை இருந்தது. மேலே வெள்ளைத் துணி மூடியிருந்தது. அதற்கு முன்னால் தரையில் மூன்று ஜோடி வைக்கோல் செருப்பு. யார் காலுக்கும் ஆகாத, கண்காட்சியில் வைக்கிற மாதிரிச் செருப்பு. அக்கம்பக்கத்தில் கேட்டேன், யாருடையதும் இல்லை என்றார்கள். யாரும் உரிமை கொண்டாடாத பொருளுக்கு எங்கள் தொழிலில் குப்பை என்றுதான் பெயர். அதைப் பெருக்கி இடத்தை மீட்பது நல்ல பழக்கம். செருப்புகளைக் குப்பைப் பையில் போட்டேன். அந்த இடத்தில் மூன்று வலது கால் ஷூக்களையும் வாசலைப் பார்த்து வரிசையாக வைத்தேன். கை நீட்டினால் போதும். இந்த வேலை எனக்குத்தான் என்று மனதுக்குள் கையெழுத்தே போட்டுவிட்டேன்.

எதிர்ப் பக்கம் தோக்கோவுக்கு வேறு கஷ்டம். அறுபது அறையும் நிரம்பிவிட்டது. அர்ரே அப்படித்தான், அறுபது என்றால் அறுபது. அறுபத்தோராவது ஆளுக்குப் பெரிய அலமாரி கொண்டுவந்து, இருக்கிற அத்தனையையும் அதில் மாற்ற வேண்டும். மண்டபத்துக்காரரைக் கெஞ்சி எட்டுத் தட்டு அலமாரி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு ஜோடியாக மாற்றிக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"உதவி வேணுமா, சீனியர்?"

"வாயை மூடிக்கிட்டு இருந்தா அதுவே பெரிய உதவி."

அந்த நேரத்தில்தான் சேர்மன் வாய் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நான் மேசைப் பக்கம் திரும்பினேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் குனிந்து நின்றார். மேனேஜர் சோமுனின் அண்ணன். பழைய சம்பிரதாயத்துக்குப் பேர்போன ஆன்டோங்கிலிருந்து வந்தவர், எழுபது வயது, கஞ்சி போட்ட சணல் துக்க உடையில் இருந்தார். அவர் வெள்ளைத் துணியை எடுத்தார். உள்ளே மூன்று கிண்ணம் சோறு இருந்தது. வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று மண்டபத்தில் தடை என்பதால் துணி போட்டு மறைத்து வைத்திருக்கிறார்.

"வைக்கோல் செருப்பு எங்க?" என்றார் பெரியவர்.

"எது... அதுவா ஐயா? அது யாரோடதும் இல்லன்னு..."

"யாரோடதும் இல்லையா? எமதூதருங்களோடது. எங்கப்பாவக் கூட்டிக்கிட்டுப் போக மூணு பேர் வந்திருக்காங்க. அவங்களுக்கு சோறு போட்டு, நடக்கச் செருப்பு வெச்சு அனுப்பணும். உங்க வீட்டுல சாவே விழுந்ததில்லையா?"

எங்கள் வீடு இன்சோனில் சர்ச்சுக்குப் பின்னால். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பாட்டுப் பாடுவார்கள், எமதூதருக்குச் செருப்பு வைக்க மாட்டார்கள்.

பெரியவர் ஷூக்களை எண்ணிப் பார்த்தார். "வெச்சதுதான் வெச்ச, ஒத்தை ஒத்தையாவா வெப்ப? எங்கப்பாவ நடுவுல விட்டுட்டு மூணு பேரும் நொண்டியடிச்சுக்கிட்டா போவாங்க?"

உள்ளேயிருந்து மேனேஜர் ஓடிவந்தார். "அண்ணே, மெதுவா பேசுங்கண்ணே. கிளையன்ட் நிக்கிறாரு."

"அது என் ஷூ" என்றார் சேர்மன்.

பெரியவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "இருந்துச்சு. சோத்துக்கு முன்னால வெச்சாச்சு. இனிமே அவங்களோடது."

"அவங்க என் ஷூவப் போட்டுக்கிட்டுப் போனா, நான் என்ன ஆவேன்?"

பெரியவர் உண்மையாகவே யோசித்தார். "அது எனக்குத் தெரியாது. ஆனா நல்லதா தெரியல."

சேர்மனின் முகத்தில் இருந்த சூப்பின் சிவப்பெல்லாம் இறங்கிவிட்டது. பின்னால் நின்ற அதிகாரிகள் இருவரும் சேர்ந்தாற்போல் வலது காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார்கள். இதற்கு நடுவில் தோக்கோ, சேர்மனின் இடது ஷூவை வெற்றிக் கோப்பை மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "நாப்பத்தி ஒண்ணு. முதல்ல எடுத்தது நான்தான்" என்று வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையை இறக்கினார்.

என் வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலை போனது போகட்டும், ஒரு வயசான மனிதர் சாவு வீட்டு வாசலில் வெறும் காலுறையோடு பயந்துபோய் நிற்கிறார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, அதை விடுங்க. உங்க சைஸ் இருநூத்தி அறுபத்தஞ்சுதானே?"

பெட்டியில் கைவிட்டேன். முதலில் வந்த ஜோடியே நல்லதாக இருந்தது. முட்டி போட்டு அவர் காலடியில் வைத்தேன். நுழைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது.

"அது என்னோடது" என்றார் தோக்கோ.

"கொஞ்சம் சும்மா இருங்க, சீனியர்."

சேர்மன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டு சீக்கிரம் எப்படி எடுத்த?"

"சைஸ்படி வெச்சிருக்கேங்கய்யா. சைஸ் கேட்டா உடனே வரும். யாரோடதுன்னு கேட்டா நாளைக்குக் காலைல வரும்."

"நீ?" என்று தோக்கோவைக் கேட்டார்.

"நம்பர் கேட்டா உடனே வரும், சேர்மன் ஐயா. அலமாரி நிரம்பாம இருக்கணும்."

"ஆக, என்ன கேப்பாங்கன்னு தெரிஞ்சாத்தான் எப்படி வெக்கணும்னு தெரியும்."

"ஆமாங்கய்யா" என்றோம் இருவரும். எங்கள் வாழ்நாளில் நாங்கள் ஒத்துப்போன முதல் வார்த்தை அதுதான்.

"மூணு மாசமா என் கிடங்குக்காக அடிச்சுக்கறீங்களாம், சோமுன் சொல்றான். என் கிடங்குல நான் என்ன கேப்பேன்னு ரெண்டு பேர்ல யாராவது என்னைக் கேட்டீங்களா?"

தோக்கோ தன் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. படம் படமாக வரைந்திருக்கிறோம், ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து வேகம் அளந்திருக்கிறோம், ஒருவர் வரைந்ததை மற்றவர் கிழித்திருக்கிறோம். இதை மட்டும் செய்யவில்லை. இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"என்ன கேப்பீங்க ஐயா?"

"முதல்ல வந்த ஜாடி முதல்ல வெளிய போகணும். அவ்வளவுதான். நேத்து வந்தது கதவுகிட்ட இருக்குன்னு பசங்க அதைத் தூக்கி லாரில ஏத்திடறானுங்க. பழசு உள்ளயே கிடந்து புளிச்சு மூடியைத் தூக்குது."

க்யூ. பஸ்ஸுக்கு நிற்கிறோமே, அந்த க்யூ. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் முதல் மாதத்தில் படித்துவிட்டு, இவ்வளவுதானா என்று மறந்துபோகிற பாடம்.

சேர்மன் மண்டபத்துக்குள் திரும்பிப் பார்த்தார். பூக்களுக்கு நடுவில் கிழவரின் படம் இருந்தது. "உங்கப்பா ஒழுங்கா, வயசுப்படி போனாரு. அதனாலதான் எல்லாரும் சிரிச்சுக்கிட்டு சாப்பிடறாங்க. எங்க வீட்டுல அந்த வரிசை ஒரு தடவ தப்பிருச்சு. என் மூத்த பையன் எனக்கு முன்னால போயிட்டான். அன்னிக்கு ஒருத்தர் சூப்பத் தொடல."

அதிகாரிகள் காலைக் கீழே வைத்தார்கள். உள்ளே யாரோ குடித்துவிட்டுச் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பையிலிருந்து வைக்கோல் செருப்புகளைத் தேடி எடுக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். அவற்றில் ஒன்றில் சூப் கொட்டியிருந்தது. என் கைக்குட்டையால் துடைத்து மேசைக்கு முன்னால் ஜோடி ஜோடியாக வைத்தேன்.

பெரியவர் குனிந்து, சேர்மனின் வலது ஷூவை எடுத்து, தன் சணல் சட்டையின் கையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"கொண்டு போங்க. இன்னும் உங்க முறை வரல."

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"அவங்களுக்குப் பழக்கமானது வைக்கோல்தான். தோல் ஷூ காலைக் கடிக்கும்."

சேர்மன் வாங்கிக்கொண்டார். ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. இடதையும் வாங்கி இரண்டையும் ஒரு பையில் போட்டு அதிகாரியிடம் கொடுத்தார். "இன்னிக்கு மட்டும் எதுக்கும் இதுலயே போயிடறேன்" என்று தோக்கோவின் ஷூவை இறுக்கிக்கொண்டார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "திங்கக்கிழமை யோஜுவுக்கு இந்தப் பொண்ண அனுப்பு" என்றார்.

"அவங்க ஒப்பந்தத்துல இருக்காங்க, சேர்மன் ஐயா. தலைமைக்கு நிரந்தரமா இருந்தாத்தான்..."

"அப்ப நிரந்தரமாக்கு. தப்பு பண்ணுவா போல இருக்கு. ஆனா கேக்கறா."

மேனேஜர் துக்க உடையோடு நின்றபடியே என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமை காலைல வந்து கையெழுத்துப் போட்டுட்டு யோஜுவுக்குப் போயிருங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அடக்கம் செய்தால் மறுநாள் காலையிலேயே அவருக்கு இந்த வேலை. நான் இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினேன். துக்க மண்டபத்து வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்பதால் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

வேலை முடிந்து நானும் தோக்கோவும் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் முதல் ஆட்களாக நின்றோம். அவர் காலில் ஆஸ்பத்திரியின் நீல ரப்பர் செருப்பு. அதன் நுனியைப் பார்த்தபடியே கையை நீட்டினார்.

"வாழ்த்துகள், ப்யோ."

"நன்றி, சீனியர். ஷூவத் திங்கக்கிழமை நானே வாங்கிட்டு வந்துடறேன்."

"அது கிடக்கட்டும். க்யூவ எதுல கட்டப் போற?"

"எதுலன்னா?"

"க்யூ அந்தரத்துலயா நிக்கும்? எதுலயாவது அடுக்கித்தான க்யூ பண்ணணும். அர்ரேலதான?"

"அறுபத்தோராவது ஜாடிக்குப் புது கிடங்கு கட்டுவீங்களா? லிங்க்டு லிஸ்ட்லதான். ஒவ்வொரு ஜாடியும் தனக்கு அடுத்தது எங்க இருக்குன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாப் போதும். எவ்வளவு வேணா சேர்த்துக்கிட்டே போகலாம்."

"நடுவுல ஒரு ஜாடி மறந்துச்சுன்னா? அதுக்குப் பின்னால இருக்கற மொத்தமும் அம்போ."

"ஜாடி ஏன் மறக்குது?"

"நீ எழுதினா மறக்கும்."

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன், அவர் குரலை உயர்த்தினார், நான் இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். பஸ் வந்தது. எங்களுக்குப் பின்னால் வந்து நின்றவர்கள் எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள்.